பத்து மீட்டர் தொலைவு

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் துப்பாக்கி அரிய பொருள்தான். ஆனால் அறியாத பொருள் அல்ல. புதுவையின் கிராமப்புறத்தை இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற 'கொம்யூன்' என்ற சொல்லாலேயே வகுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றுள் பாகூர் கொம்யூனில் பிறந்து வளர்ந்தவன் நான். எழுபதுகளின் இறுதியில் நினைவு தெரியத் தொடங்கிய எங்கள் தலைமுறைக்குத் துப்பாக்கி நான்கு உருவங்களில் அறிமுகமாயிற்று.

முதலாவது, ஏரிக்கரையில் தோளில் நாட்டுத் துப்பாக்கியைச் சார்த்தியபடி நடந்து வரும் நரிக்குறவர். குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈய ரவைகளை இட்டு, நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டிப்பார். இத்தனை ஏற்பாட்டுக்கும் ஒரே ஒரு வெடி. அந்த ஓசைக்குப் பாகூர் ஏரியின் கொக்குகளும் மடையான்களும் ஒருசேர எழும்பி, வெகுநேரம் இறங்க மனமின்றி வானத்தில் சுற்றும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டையை மெல்ல மெல்ல முடித்துவைத்தது. வில்லியனூருக்கு வடக்கே உள்ள ஊசுட்டேரி 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேட்டைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பேருந்து நிலையங்களில் ஊசியும் பாசிமணியும் விற்கிறார்கள்.

இரண்டாவது, பெரிய பண்ணை வீட்டின் இரட்டைக்குழல் துப்பாக்கி. அது சுட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. தேர்தல் அறிவித்தவுடன் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பழைய வேட்டியில் சுற்றிய அந்த நீண்ட பொருளை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு பண்ணையாள் போவதைப் பார்த்தால் தேர்தல் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.

மூன்றாவது, வில்லியனூர்த் தேர்த்திருவிழாவில் வரும் பலூன் துப்பாக்கி. பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த வழக்கம் மாறாமல் இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து திருக்காமீசுவரர் தேரை இழுத்துத் தொடங்கிவைக்கும் திருவிழா அது. தேர் நகர்ந்த பின் கூட்டம் கடைகளின் பக்கம் திரும்பும். பலகையில் வரிசையாகக் குத்திய பலூன்களை ஆண்பிள்ளைகள் சுடுவார்கள். அந்தக் குழல்கள் சற்றே கோணலானவை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே காசு கொடுப்பார்கள்.

நான்காவது, காவலரின் துப்பாக்கி. சிவப்புத் தொப்பி அணிந்த புதுவைக் காவலர் கருவூல வாசலில் அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்பார். நாங்கள் தெருவின் எதிர்ப்புறமாக நடப்போம். அப்படி நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

உண்மையில் இந்த மண்ணுக்குத் துப்பாக்கி மிகப் பழைய விருந்தாளி. நாங்கள் நெல்லும் கரும்பும் பயிரிடும் இதே பாகூரில்தான் 1752இல் ஸ்ட்ரிங்கர் லாரன்சின் ஆங்கிலப் படையும் கெர்ஜானின் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்டன. கெர்ஜான் சிறைப்பட்டார். வில்லியனூர்க் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் பிடித்தனர். அடுத்த ஜனவரியில் புதுவையே விழுந்தது. யாருடைய சண்டையோ நம்முடைய வயலில் நடந்தது. பாடப்புத்தகத்தில் இவற்றைப் படித்தபோது வயலின் சொந்தக்காரர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்பதுதான் என் மனத்தில் தோன்றிய கேள்வி. புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

*

எங்கள் வீட்டில் துப்பாக்கிக்கு ஒரு தடை இருந்தது. தீபாவளிக்கு எல்லாப் பிள்ளைகளும் சுருள் கேப்பு வெடிக்கும் பொம்மைத் துப்பாக்கியோடு தெருவில் திரிவார்கள். எனக்கும் தங்கைக்கும் அது கிடையாது. மத்தாப்பு உண்டு, சங்குசக்கரம் உண்டு, அணுகுண்டுகூட உண்டு. துப்பாக்கி மட்டும் கூடாது. ஆயாவின் உத்தரவு அது. காரணம் கேட்டால், "நம்ம வூட்டுக்கு அது ஆவாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

காரணத்தைப் பின்னால் அம்மாதான் சொன்னாள். 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுவையில் சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டார்கள். 12 பேர் இறந்தார்கள். வேலைநேரம், கூலி, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றுக்காக எழுந்த போராட்டம் அது, வ. சுப்பையா அதன் தலைவர்களுள் முதன்மையானவர். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் புதுவையில் அஞ்சலி செலுத்துகிறார்கள். அன்று அந்தக் கூட்டத்தில் ஆயாவின் அண்ணனும் இருந்தார். அவர் உயிரோடு திரும்பிவிட்டார். ஆனால் சட்டையில் இருந்த இரத்தம் அவருடையது அல்ல. அந்தச் சட்டையைத் துவைத்தது பத்து வயது ஆயா.

இதில் வீட்டின் துயரம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை; எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. ஆனாலும் ஒரு பத்து வயதுச் சிறுமியின் கையில் பட்ட ஈரம், ஐம்பது ஆண்டுகள் கழித்து எங்கள் தீபாவளிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர நண்பர்கள் அழைத்தபோதும் நான் போகவில்லை. முகாமிலிருந்து திரும்பியவர்கள் பாயின்ட் டூ டூ ரைபிள் தோளில் இடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்பதற்கு ஆசையாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறுப்பும் ஆசையும் ஒரே வீட்டில் குடியிருந்தன. ஒன்று திண்ணையில், மற்றது பின்கட்டில்.

*

இவையெல்லாம் அப்படியே கிடந்திருக்கும், தங்கை மகள் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்திருந்தால்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது அவள் எட்டாம் வகுப்பு. மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தாள். பிறகு இளவேனில் வாலறிவனைப் பற்றி எங்கோ படித்திருக்கிறாள். அவர் கடலூரில் பிறந்தவர், வளர்ந்தது அகமதாபாதில். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவுக்காகச் சுட்டார். பாகூரில் இருப்பவர்களுக்குக் கடலூர் அடுத்த ஊர். தென்பெண்ணையைத் தாண்டினால் போதும். "நம்ம ஊர்ப்பக்கம் பொறந்தவங்க மாமா" என்று அவள் சொன்னபோது, அந்தக் குரலில் உறவுக்காரர் ஒருவரைக் குறித்த பெருமை இருந்தது.

வில்லியனூரைத் தாண்டி, சங்கராபரணி ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில், இராணுவத்திலிருந்து சுபேதாராக ஓய்வுபெற்ற ஒருவர் பழைய நெல் கிடங்கு ஒன்றைப் பயிற்சிக் கூடமாக மாற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். அங்கே சேர வேண்டும் என்பது அவள் விண்ணப்பம். தங்கை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

"நம்ம வூட்ல துப்பாக்கியா? ஆயா இருந்திருந்தா என்னா சொல்லியிருக்கும்ணே?" என்று என்னிடம் கேட்டாள்.

மகளோ தனியே வந்து, "மாமா, நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே வேணாம்னு சொன்னா நான் அப்புறம் கேக்கவே மாட்டேன்" என்றாள்.

பதின்மூன்று வயதுப் பெண் தன் ஆசையை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அமைதியாக நிற்பது சாதாரணக் காரியமில்லை. தூதனாக ஒப்புக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை காலை கரிக்கலாம்பாக்கம் வழியாக இருவரும் வண்டியில் போனோம்.

*

கிடங்கில் நெல்லின் வாசனை இன்னும் போகவில்லை. ஒரு கோடியில் மணல்மூட்டைகளும் அவற்றின் முன்னே இரும்புத் தகடுகளும். அந்தப் பக்கச் சுவரில் சன்னல் கிடையாது. முன்பு இருந்ததைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மறு கோடியில் ஒரு நீள மேசை. இடையே பத்து மீட்டர். ஆறேழு பிள்ளைகள் இருந்தார்கள், கூச்சல் இல்லை. பிள்ளைகள் கூடிய இடத்தில் அத்தனை அமைதியை நான் எந்தப் பள்ளியிலும் கண்டதில்லை.

நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். சுபேதார் விடவில்லை. "பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் புரியாது சார். மொதல்ல நீங்க சுடுங்க. அப்புறம் வூட்ல போயி சொல்லுங்க" என்றார்.

துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஏறத்தாழ அரைமணி நேரம் விதிகளைச் சொன்னார். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே எண்ண வேண்டும், அது காலியாக இருப்பது உனக்கே தெரிந்திருந்தாலும். குழலின் முனை எப்போதும் இலக்கின் திசையில் மட்டுமே இருக்க வேண்டும். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பு, குழலைத் திருப்பாதே. சுடப்போகும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். எவரேனும் கோட்டைத் தாண்டி இலக்கின் பக்கம் போவதாக இருந்தால், எல்லோரும் துப்பாக்கியை மேசையில் கிடத்தி, குழலுக்குள் ஆரஞ்சு நிறக் கயிற்றைச் செருகிவிட்டுப் பின்னால் விலகி நிற்க வேண்டும். கயிறு வெளியே தெரிந்தால் குழல் காலி என்று பொருள். பன்னாட்டுப் போட்டிகளிலும் இதுதான் விதியாம்.

காற்றுத் துப்பாக்கிதானே என்ற இளப்பம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "அழுத்திய காத்துதான் சார். ஆனா கண்ணுல பட்டா கண்ணு போயிடும்" என்றார். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. எனக்கு அந்தச் செய்தி நிம்மதிக்குப் பதிலாக அச்சத்தையே தந்தது.

பிறகு எந்தக் கண் ஆளும் கண் என்று பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு சந்து விட்டு, அதன் வழியே சுவரில் உள்ள ஆணியைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண்ணுக்கு ஆணி மறையாமல் இருக்கிறதோ அதுவே ஆளும் கண். ஐம்பது ஆண்டுகளாக இந்த இரண்டு கண்களோடு வாழ்கிறேன். அவற்றுள் ஒன்று ஆள்வது அன்றுதான் தெரிந்தது.

ரைபிள் நான் நினைத்ததைவிடக் கனம். நான்கு கிலோவுக்கு மேல். போட்டி விதி ஐந்தரைக் கிலோ வரை அனுமதிக்கிறது. அதில் இடும் ஈயக் குண்டோ அரைக் கிராம் அளவுதான். தலை தட்டையாக இருக்கும், அப்போதுதான் காகிதத்தைப் பஞ்சுபோல் பிய்க்காமல் வட்டமாக வெட்டுமாம். இலக்கின் கருவட்டம் 30.5 மில்லிமீட்டர் அகலம். அதன் நடுவே பத்து மதிப்பெண்ணுக்கு உரிய இடம் அரை மில்லிமீட்டர் புள்ளி. நாம் எழுதும் வாக்கியத்தின் முடிவில் வைக்கும் முற்றுப்புள்ளியின் அளவுதான். அதைப் பத்து மீட்டருக்கு அப்பால் வைத்திருக்கிறார்கள்.

முதல் ஐந்து குண்டுகளும் கருவட்டத்துக்கு வெளியே எங்கெங்கோ போயின. குறி விலகும்போதெல்லாம் கையால் இழுத்துச் சரிசெய்தேன். சுபேதார் தடுத்தார். "கையால திருத்தாதீங்க சார், காலால திருத்துங்க." கண்ணை மூடச் சொன்னார். இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறக்கச் சொன்னார். குழல் இலக்குக்கு இடப்புறம் போயிருந்தது. "இதான் உங்க ஒடம்பு தானா பாக்கற எடம். வலுக்கட்டாயமா இழுத்து வச்சீங்கன்னா சுடற நேரத்துல அது திரும்பிப் போயிடும்" என்றார். பாதத்தை இரண்டு அங்குலம் நகர்த்தினேன். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றினேன். தசை தாங்கினால் நடுங்கும், எலும்பு தாங்கினால் நிற்கும் என்பது அடுத்த பாடம்.

பின்காட்சியின் சிறு துளை வழியே பார்த்தால் முன்னால் ஒரு வளையம். வளையத்துக்குள் அந்தக் கருவட்டம். மூச்சை விட்டு நிறுத்தியதும் எல்லாம் அசைவற்றுவிடும் என்று எண்ணினேன். அசைவு நிற்கவில்லை. ஒரே சீராக, விட்டு விட்டு, வளையம் துடித்தது. என் கை நடுக்கம் என்று நினைத்தேன். "அது கை இல்ல சார், இதயம்" என்றார் அவர். என் நாடித்துடிப்பைப் பத்து மீட்டருக்கு அப்பால் ஒரு காகிதத்தின் மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறேழு நொடிக்குள் விசையை அழுத்த மனம் ஒப்பவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். போட்டியில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். தேர்ந்தவர்கள் அந்த நேரத்தின் பெரும்பகுதியை ஏற்றுவதிலும் சுடாமல் இறக்குவதிலும் செலவழிக்கிறார்கள்.

பதினேழாவது குண்டு ஒன்பதாம் வளையத்தில் விழுந்தது.

விசையை அழுத்தியதாகவே எனக்கு நினைவில்லை. 'டப்' என்ற சிறு ஒலி, தோளில் மெல்லிய தட்டல், தொலைநோக்கியில் பார்த்த தங்கை மகள், "ஒம்பது மாமா!" என்று அடங்கிய குரலில் கூவினாள். அப்போது எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைப்பதில் பொருளில்லை. நெடுநாளாகத் திருத்திக்கொண்டிருந்த ஒரு பத்தி திடீரென்று சரியாக வந்து அமரும்போது ஏற்படும் அதே மகிழ்ச்சி. இன்னும் ஒன்று சுட வேண்டும் போலிருந்தது. பிறகு இன்னும் ஒன்று. துப்பாக்கி கையில் வந்தால் தான் வலியவன் என்ற எண்ணம் வந்துவிடும் என்று அஞ்சியிருந்தேன், அது வரவில்லை. வந்தது வேறு. உலகம் ஒரு சிறு வட்டமாகச் சுருங்கி, அதற்கு வெளியே எதுவும் இல்லாமல் போன ஒரு நிம்மதி. என்னைக் கலங்கவைத்தது அந்த நிம்மதிதான்.

*

திரும்பும் வழியில் என் நினைவில் வந்தவர் வ.வே.சு. ஐயர்.

இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு ஐயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1915இல் வெளிவந்த 'குளத்தங்கரை அரசமரம்' தமிழின் முதல் சிறுகதையா அல்லவா என்ற விவாதம் நம் சிற்றிதழ்களில் ஓய்ந்ததே இல்லை. பாரிஸ்டர் படிப்புக்கு இலண்டன் சென்றவர், அங்கே இந்தியா ஹவுசில் சாவர்க்கரின் வட்டத்தில் சேர்ந்தார். அவ்வட்டத்தைச் சேர்ந்த மதன்லால் திங்ரா 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். திங்ரா சுடப் பழகியது இலண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த ஓர் இலக்குச் சுடும் கூடத்தில். காசு கொடுத்தால் யாரும் சுடலாம். அந்தக் கூடத்தின் உரிமையாளர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேர்ந்தது.

ஐயர் 1910இல் பிரிட்டிஷாரின் கண்ணுக்குத் தப்பிப் புதுவை வந்து சேர்ந்தார். பாரதி 1908 முதலே இங்கு இருந்தார். புதுவையில் இளைஞர்களுக்கு ஐயர் கைத்துப்பாக்கி சுடப் பயிற்சி அளித்தார் என்றும், வாஞ்சிநாதன் அவரிடம் வந்து பயின்றார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், மனைவியோடு ரயில்பெட்டியில் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார்.

வாஞ்சியின் நாட்டுப்பற்றை எடைபோடுவது என் நோக்கமன்று. எனக்குத் தோன்றியது மிகச் சிறிய விஷயம். அவருக்கும் முதல் நாள் என்று ஒன்று இருந்திருக்கும். புதுவையின் ஏதோ ஓர் ஒதுக்குப்புறத்தில், இரத்தம் வராத ஓர் இலக்கின் முன் அவரும் நின்றிருப்பார். முதல் குண்டுகள் விலகிப் போயிருக்கும். ஒருநாள் ஒரு குண்டு சரியாகப் பட்டபோது அவர் உள்ளத்திலும் அந்த எளிய மகிழ்ச்சி எழுந்திருக்கும். அந்தக் கணத்தில் காகிதத்தைச் சுடுபவனுக்கும் மனிதனைச் சுடப்போகிறவனுக்கும் உடலளவில் எந்த வேறுபாடும் இல்லை. அதே மூச்சு, அதே காத்திருப்பு, அதே விரல். 1936இல் சவானா ஆலையின் முன் சுட்ட சிப்பாய்களும் ஏதோ ஒரு மைதானத்தில் காகிதத்தைச் சுட்டுத்தான் கற்றிருப்பார்கள். திறமைக்கு எதிரே இருப்பது யார் என்று தெரியாது.

நம் வகுப்பறைகளில் மணியாச்சிக் குண்டு வீரம் என்றும் சவானா குண்டு கொடுமை என்றும் படித்தோம். அந்த வேறுபாடு உண்மையானதுதான். ஆளப்படுகிறவனையும் ஆள்கிறவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் ஆயாவின் வீட்டில் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. துவைக்க வேண்டிய சட்டை எந்தக் குண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது அவள் அறிவு.

ஐயர் பின்னாளில் காந்தியின் வழிக்கு வந்தார். புதுவையில் இருந்தபோதே குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1916இல் வெளியாயிற்று. 'துப்பாக்கி' துருக்கியிலிருந்து தெலுங்கு வழியாக நமக்கு வந்த சொல் என்பார்கள். ஆனால் அதே ஒலி வான்சிறப்பு அதிகாரத்துக் குறள் ஒன்றில் வருவது தமிழ் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைக்கும் செய்தி. அங்கே அதற்கு உணவாக்கி என்று பொருள். மழையைப் பற்றிய பேச்சு. கைத்துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தந்த மனிதர் அந்தக் குறளையும் ஒருநாள் எதிரே வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொல் தேடியிருப்பார். 1925இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று அவர் மூழ்கினார். அந்தக் கைகளின் கடைசி வேலை அது.

*

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் தனியே போனேன். சுபேதாரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து பறந்த ஒரு குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். யாரும் அவனைக் குறிவைக்கவில்லை. இலக்கைத் தவறவிட்ட குண்டுக்கு நிற்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். என் தங்கை இந்தச் செய்தியை மறந்திருக்க மாட்டாள்.

அதைச் சொல்லிவிட்டு, "பிள்ளைகளுக்கு இது எதுக்கு சார்?" என்று கேட்டேன். கேள்வி சற்றுக் கடுமையாகவே வந்துவிட்டது.

அவர் சினம் கொள்ளவில்லை. அடைத்த சன்னலைக் காட்டினார். "அந்தச் செய்திய படிச்ச மறுநாள் கொத்தனாரக் கூட்டியாந்து அடைச்சேன். அதுக்கு முன்னாடி தகடு மட்டும் போதும்னு நெனச்சிருந்தேன்." சிறிது நேரம் கழித்து, "நான் வேற குறியும் பாத்தவன் சார். அதப்பத்தி வூட்லகூட பேசறதில்ல. இந்தக் காயிதம் யாருக்கும் புள்ள இல்ல. அதனாலதான் இங்க நிக்கறேன். ஆனா புள்ளைங்களுக்கு அது வேற இது வேறன்னு தானா தெரிஞ்சிடாது. சொல்லிக்குடுத்தாதான் தெரியும்" என்றார்.

என்னிடம் மீதமிருந்த கேள்விகளுக்கு இது முழு விடை ஆகாது. ஆனால் அவர் சொன்ன 'தானாகத் தெரிந்துவிடாது' என்பது என் மனத்தில் தங்கிவிட்டது. நான் இதுநாள்வரை துப்பாக்கியில் நன்மை இருக்கிறதா, தீமை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குழலின் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சுக் கயிறு, கோட்டுக்குப் பின்னால் நிற்றல், கழுத்தை மட்டும் திருப்புதல், சுடாமல் இறக்கிவைத்தல், அடைத்த சன்னல். இவை விளையாட்டுக்கு வெளியே சேர்த்த எச்சரிக்கைகள் என்று முதல் நாள் நினைத்தேன். அந்த மகிழ்ச்சி எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்று வகுத்துத் தருபவை இவைதான். இவற்றை நீக்கிவிட்டால் மிச்சமிருப்பது ஐயர் புதுவையில் சொல்லித் தந்த அந்தப் பயிற்சிதான்.

தங்கையிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

"நீ சுட்டியாண்ணே?"

"சுட்டேன்."

"எப்பிடி இருந்துச்சி?"

"புடிச்சிருந்தது."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "அதான் பயமா இருக்குது" என்றாள்.

"எனக்கும்தான்" என்றேன்.

மூன்று நாட்கள் கழித்து ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். துப்பாக்கி வீட்டுக்கு வரக் கூடாது. போட்டிக்குரிய ரைபிள் இலட்சங்களில் விற்கிற பொருளாகையால் அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது எங்களுக்குக் கடினமாக இல்லை. கூடத்தில் இருக்கும் இரண்டு ரைபிள்களைத்தான் எல்லாப் பிள்ளைகளும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். ஓராண்டாகத் தங்கை மகள் சனிக்கிழமைகளில் போய் வருகிறாள். துளைபட்ட இலக்கு அட்டைகளைப் பாடநோட்டுக்குள் வைத்துக் கொண்டுவருகிறாள். தங்கை அவற்றை எடுத்துப் பார்ப்பதில்லை, தூக்கி எறிவதுமில்லை. நான் அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு சுடவில்லை. அழைத்தால் போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன தீபாவளிக்கு அவள் தம்பி, ஏழு வயதுப் பையன், கேப்புத் துப்பாக்கி வேண்டும் என்று அழுதான். தங்கை வழக்கம்போல, "நம்ம வூட்டுக்கு அது ஆவாது" என்றாள். அவன் விடவில்லை. "அக்கா மட்டும் நெஜத் துப்பாக்கியே சுடுது, எனக்கு மட்டும் பொம்மகூட இல்லியா?" என்றான். நியாயமான கேள்வி. தங்கை என்னைப் பார்த்தாள். எனக்கும் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை.

அக்காதான் பதில் சொன்னாள். "அது பொம்மடா. பொம்மன்னா நீ யார் மேல வேணாலும் நீட்டுவ. அதுக்குத்தான் வேணாம்ங்கறாங்க."

பையனுக்கு அது புரியவில்லை. சங்குசக்கரம் கொளுத்தப் போய்விட்டான்.